கேளாநாள்

மின்சாரம் போனபோது செல்வக்கனி டிசம்பர் பதினேழில் இருந்தாள். வரப்போகிற வருஷத்து டிசம்பர் பதினேழில். உடம்பு மட்டும் இந்த வருஷத்து ஐப்பசியில், சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஊர் உலகமெல்லாம் நடப்பு வருஷத்தில் அல்லாடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் அடுத்த வருஷத்துக்கு முன்கூட்டியே போய், தினசரித் தாள் ஒவ்வொன்றிலும் திதியும் நட்சத்திரமும் ராகுகாலமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ் பிடித்து இந்த வருஷத்துக்குத் திரும்பி வருவாள். மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக் கட்டி, எங்கோ ஒரு இடி விழுந்து, ஃபேன் மெல்ல ஓய்ந்தது. கீழே மிஷினும் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நிற்கும்போதுதான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே காதுக்குத் தெரியும். யு.பி.எஸ். நாலு தரம் கத்திவிட்டு அதுவும் அடங்கியது. ஜெனரேட்டர் மூன்று நாளாக மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறது. ஆக, மழை மனசு வைத்துக் கரண்ட் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் செல்வக்கனிக்கு உடனே கை போகிற இடம் செல்போன்தான்.

போனில் மழைப்பூச்சி வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பேரில் எழுதுகிற ஆள் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று இரண்டு வருஷமாகியும் தெரியாது. இவள் எழுதுகிற கதைகளுக்கு முந்நூறு சொச்சம் பேர் வாசகர்கள், அதில் பின்னூட்டம் போடுகிறவர்கள் பத்துப் பேர், அந்தப் பத்தில் சண்டைக்கு வருவது மழைப்பூச்சி ஒன்றுதான். கதை என்றால் சொந்தக் கதை இல்லை. வெளிநாட்டுக்காரன் எடுத்து, தமிழில் குரல் கொடுத்து, போனில் ஓடுகிற ‘ஐந்து கொடிகள்’ என்ற தொடரின் மிச்சத்தை இவள் எழுதுகிறாள். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று அதற்குப் பேர். அந்தத் தொடரில் சதுப்பு நிலத்தில் வாழும் நாணலர் என்று ஒரு கூட்டம் வரும். வரும் என்றால், வந்த பத்து நிமிஷத்தில் எதிரிப்படை அவர்களை வீட்டோடு கொளுத்திவிட்டுப் போய்விடும். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், என்றைக்கு வீட்டை மெழுகினார்கள், ஒரு வார்த்தை கிடையாது. செல்வக்கனிக்கு அது பொறுக்கவில்லை. செத்தவர்களை உயிரோடு கொண்டுவருவது அடுத்தவன் கதையில் கை வைக்கிற காரியம். ஆனால் செத்தவர்களுக்கு ஒரு காலண்டர் போட்டுக் கொடுப்பதை யார் தடுக்க முடியும். அவளுக்குத் தெரிந்த தொழிலும் அதுதானே. மாதத்துக்கு இருபத்தெட்டு நாள், அப்படிப் பதின்மூன்று மாதம், நாணல் வளர்கிற கணக்கில் முளை மாதம், குருத்து மாதம், பூ மாதம் என்று பேர். படகையெல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒருத்தரும் எங்கேயும் போகாத ஒரு பண்டிகை. பிள்ளைகள் ஒருநாள் மட்டும் தங்களுக்குப் பிடித்த பேரை வைத்துக்கொள்ள, பெற்றவர்கள் பொழுது சாயும்வரை அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிட வேண்டிய ஒரு பண்டிகை. பதின்மூன்று தரம் இருபத்தெட்டு, முந்நூற்று அறுபத்து நாலு. மிச்சம் ஒரு நாள். எந்த மாதத்திலும் சேராத அந்த ஒரு நாளுக்குக் கேளாநாள் என்று பேர் வைத்தாள். அன்றைக்கு நாணலரில் யாரும் யாரையும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

மழைப்பூச்சி விடுமா. உங்கள் நாணலருக்கு லீப் வருஷம் கிடையாதா என்று முதலில் வந்தது. அதற்குப் பதில் சொல்லப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சாப்பாட்டு வேளையைத் தொலைத்தாள். அப்புறம், கேளா என்றால் கேள்வி கேட்காத என்றும் ஆகும், காதில் வாங்காத என்றும் ஆகுமே, எது என்று வந்தது. வீடு தீப்பிடித்தால் தண்ணீர் எங்கே என்று கேட்கக் கூடாதா என்று வந்தது. செல்வக்கனி பொறுமையாக எழுதினாள்: தண்ணீர் வேண்டும் என்று சொல்லலாம். கேள்வியாகக் கேட்கத்தான் கூடாது. அடுத்தவர் தானாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம், கேட்க வேண்டும், வாயைப் பிடுங்கத்தான் கூடாது. இப்போது இன்றைக்கு வந்திருப்பது ஒற்றை வரி. ‘நம்ம காலண்டர்படி கேளாநாள் எந்தத் தேதி?’ ஜூலை ஒன்பது, என்று செல்வக்கனி மனசுக்குள் பதில் சொன்னாள். ஜூலை ஒன்பது, ஆனி இருபத்தைந்து. சொன்ன மாத்திரத்தில் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

ஏனென்றால் இந்த ஜூலை ஒன்பதையும் கேளாநாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சமீபத்தில் எங்கோ அடித்திருக்கிறாள். போனில் இல்லை. போனில் அடிப்பது கட்டைவிரல். இது சுண்டுவிரலில் இருக்கிறது. கீபோர்டில் ‘ந’வுக்கு வலது சுண்டுவிரல் போக வேண்டும், நாள் என்று முடிகிற எதை அடித்தாலும் அந்த விரல் கொஞ்சம் நீளும். நேற்று சாயங்காலம் ஜூலை மாதத்துத் தாள்களில் விசேஷம் என்ற இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தாளின் அடியில் சிவப்பு எழுத்தில் விசேஷம் என்று இருக்கும், பக்கத்தில் பிரதோஷம், கார்த்திகை, சஷ்டி, எது உண்டோ அது. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு சின்னக் கோடு. ஒன்பதாம் தேதிக்குக் கோடுதான். கோடு போட்டாளா? கரிநாள் என்று அடித்த ஞாபகமாக இருக்குமோ, அதற்கும் அதே சுண்டுவிரல்தானே? ஆனால் ஜூலை ஒன்பது கரிநாள் இல்லை. கரிநாள் எல்லாம் இத்தனை வருஷத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். கேளாநாள் என்றே போட்டிருப்பாளோ. சத்தியமாகக் கோடுதான். சத்தியமாக என்று சொல்கிறோமே, அதுவே சந்தேகமாக இருக்கிறதே. வேலை இடத்தில் கதையைத் தொடுவதில்லை என்று அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு; இந்த வாரம் அதை மீறி, வீணான தாளின் பின்பக்கத்தில் கேளாநாள் அத்தியாயத்தைப் பென்சிலால் எழுதி கீபோர்டுக்கு அடியிலேயே செருகி வைத்திருந்தாள். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. கம்ப்யூட்டர் கருப்பாக இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

போன வருஷம்வரை பக்கத்து நாற்காலியில் தவசி என்று ஒருவர் இருந்தார். ஒரு ஏகாதசியை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தவர்களெல்லாம் தப்பான நாளில் பட்டினி கிடந்தோம் என்று ஊர் ஊராகப் போன் போட்டுத் திட்டினார்கள். முதலாளி அண்ணாச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “கொஞ்ச நாளு வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்று மட்டும் சொன்னார். தவசி இன்னும் ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடையதாவது இருக்கிற ஏகாதசியை நகர்த்தின குற்றம். இல்லாத ஒரு நாளை உண்டாக்கி அச்சுக்கு அனுப்பினவளை என்ன செய்வார்கள்? இது என்ன நாளும்மா என்று அண்ணாச்சி கேட்பார். நாணலர் பண்டிகை அண்ணாச்சி. நாணலர் யாரு? கொளுத்திட்டாங்க அண்ணாச்சி. அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேலை போனால் வேறு அச்சகம் கிடைக்காமல் போகாது. ஆனால் கதை வெளியே வந்துவிடும். முப்பத்தைந்து வயதுப் பொம்பளை, செத்துப்போன பொம்மை ஜனங்களுக்குப் பண்டிகை வைத்து விளையாடுகிறாளாம் என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டு, பாவம், பிள்ளை இல்லை பாரு, அதுதான் என்று முடிக்கும். அந்தக் கடைசி வரிதான் அவளுக்குப் பயம். வேலையைவிட அந்த வரிக்குத்தான் பயம்.

விசேஷம். இந்த ஒரு வார்த்தையை அவள் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான தரம் அடிக்கிறாள், மாதத்துக்கு ஒருதரம் காதால் வாங்குகிறாள். கீழே தாள் அடுக்கிப் பின் அடிக்கிற பகுதியில் பேச்சியம்மாள் இருக்கிறாள், ஐம்பத்தைந்து வயது, நல்ல மனசு, வாய்க்கு மூடி கிடையாது. மாதம் பிறந்தால் போதும், மாடிப்படி அடியில் நின்று, “என்னத்தா, ஏதும் விசேஷம் உண்டா?” என்பாள். “இருக்குக்கா, நாளைக்குப் பிரதோஷம்” என்பாள் செல்வக்கனி. இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இவள் மேலே ஏறி வந்து, கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் ஒன்றும் படிக்காமல் உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் கேட்கிறார்கள், ரேஷன் கடையில் கேட்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் புருஷன் பால்பாண்டி. அவனுக்கு வருஷம் முழுக்கக் கேளாநாள்தான், கேட்கவும் மாட்டான், காதிலும் வாங்க மாட்டான். அப்படிச் சொல்வதும் பாவம். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூலை ஒன்பதாம் தேதி, ஏழு மாதத்தில் எல்லாம் முடிந்து, இரண்டு நாள் கழித்து அவள் வெறும் கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பினபோது, சுவரில் தொங்கின காலண்டர் அவளே பிழை பார்த்த காலண்டர். இன்னும் ஒன்பதாம் தேதித் தாள். விசேஷம் என்ற இடத்தில் கோடு. அந்தக் கோட்டைத் தான்தான் போட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தாளை அவளால் கிழிக்க முடியவில்லை. பால்பாண்டியும் கிழிக்கவில்லை. நாற்பது நாள் அந்த வீட்டில் ஒன்பதாம் தேதியாகவே இருந்தது. அந்த நாற்பது நாளில்தான் படுத்தபடியே ‘ஐந்து கொடிகள்’ பார்த்தாள், நாணலரைக் கொளுத்தினதைப் பார்த்தாள். ஒருநாள் காலையில் எழுந்து வந்தால் காலண்டரில் சரியான தேதி இருந்தது. நாற்பது தாளையும் ஒன்றாகக் கிழித்து, ரப்பர் பேண்ட் போட்டு, பால்பாண்டி அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தான். குப்பையில் போடவில்லை. என்ன ஏது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் இல்லை. எந்த மாதத்திலும் சேராத நாள் என்று ஒன்று இருக்க முடியும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

சரி, போட்டிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே. இந்த எண்ணம் எப்போது உள்ளே நுழைந்தது என்று தெரியவில்லை, நுழைந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது. கரிநாள் இருக்கிற தேசத்தில் கேளாநாள் இருக்காதா. இரண்டு லட்சம் காலண்டர், இரண்டு லட்சம் சுவர். அடுத்த ஜூலையில் டீக்கடைக்காரர் தாளைக் கிழித்துவிட்டு, இன்னிக்குக் கேளாநாளாம்ல என்பார். காலையில் டிவியில் நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு ஒருவர், இந்நாளின் மகிமை யாதெனில் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் விளக்குவார். அவரிடம் விளக்கத்துக்கா பஞ்சம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்க மாட்டார். பெண் பார்க்க வந்தவர்கள், பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்க வழியில்லாமல் பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வேலை தேடுகிறவனை ஒருநாளைக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவளைப்போல எத்தனை பேர் இருப்பார்கள் இந்த இரண்டு லட்சம் வீட்டில், மாதம் பிறந்தாலே மனசு கூசுகிறவர்கள். அவர்கள் அன்றைக்கு ஒருநாள் தலையை நிமிர்த்திக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். செல்வக்கனிக்கு மூச்சு லேசாயிற்று. கோடு இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடைய ஒரு நாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கரண்ட் வந்ததும் மிஷின் ஓடிவிடும்.

அப்போது பார்த்து ஆட்டோ ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று தள்ளினாலும் மழைச் சத்தத்தோடு வந்தது. அந்த ஜூலை ஒன்பதிலும் இதே மாடிதான், இதே நாற்காலிதான். படியில் அவள் உட்கார்ந்துவிட, பேச்சியம்மாள்தான் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பேச்சியம்மாள் வாய் ஓயவில்லை. வலிக்குதாத்தா? எங்க வலிக்குது? என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லு? பால்பாண்டி நம்பர் என்ன? வீட்ல காலைல என்ன வச்ச? கேட்டுக்கொண்டே வந்தாள். கேள்விக்குக் கேள்வி கண்ணைத் திறந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரவை உப்புமா என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேள்வியையெல்லாம் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பத்து நிமிஷத்தைக் கடந்தாள், இல்லாவிட்டால் கண்ணை மூடி எங்கேயோ போயிருப்பாள். அடுத்த ஜூலை ஒன்பதில் எவளோ ஒருத்தி ஒரு படியில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருக்கிறவள் தாளில் போட்டிருப்பதை நம்பி, கேட்கக் கூடாதாம் என்று வாயை மூடிக்கொண்டு நிற்பாள். நம்புவார்கள். தாளில் இருந்தால் இந்த ஜனம் நம்பும், நம்பிப் பட்டினியே கிடக்கும். நாணலருக்கு அது பொருந்தும், அவர்கள் அவள் சொன்னபடி கேட்பார்கள், அவர்கள் யாரும் ஆட்டோவில் போவதில்லை. செல்வக்கனி எழுந்தாள். பயத்தில் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனாலும் இருட்டில் படி படியாகத் தடவிக்கொண்டு இறங்கினாள்.

கீழே வாசல் வெளிச்சத்தில் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மிஷின்காரர் கூடலிங்கம் கையில் ஒரு முழுத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் ஜூலை மாதத்து நாட்கள் வெட்டாமல் வரிசையாக இருந்தன. ஜூலை ஓடிவிட்டதா என்று கேட்கத் தேவைப்படவில்லை.

“நீயே வந்துட்டியாத்தா” என்றார் கூடலிங்கம். “கலர் பிடிக்க முப்பது தாள் ஓட்டுனேன், கரண்ட் போயிருச்சு. இது என்னமோ கேளாநாள்னு புதுசா இருக்கே.”

“காது கேளாதவுகளுக்குக் கவருமெண்டுல நாளு ஒதுக்கிருக்காக” என்றாள் பேச்சியம்மாள், அவளே கையெழுத்துப் போட்டு ஒதுக்கின மாதிரி. “அன்னைக்குப் பிள்ளைகளுக்குக் காது குத்தக் கூடாது.”

“தப்புண்ணே” என்றாள் செல்வக்கனி. “நான் போட்ட தப்பு. அதை ஓட்டாதீங்க.” கூடலிங்கம் அவள் முகத்தையும் தாளையும் பார்த்தார்.

“சீட்டு எழுதி அண்ணாச்சிட்ட குடுத்துரு. பிளேட்டு ஒண்ணு மாத்தணும், அவ்வளவுதானே. தலையா போகுது” என்றார். அவருக்கென்ன, அவர் அப்படித்தான் சொல்லுவார். அண்ணாச்சி என்ன சொல்லுவார் என்பது அண்ணாச்சிக்குத்தான் தெரியும். திருத்தச் சீட்டுக் கட்டு மிஷின் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து வாசல் வெளிச்சத்தில் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப கேளாநாள்னா என்னத்தா?”

“அன்னைக்கு யாரும் யாரையும் எதுவும் கேக்கக் கூடாதுக்கா. அவுகளாச் சொன்னா கேட்டுக்கலாம்.”

“எந்த ஊருல?”

“ஒரு கதைல. நான் எழுதுற கதை.”

ஊர் சிரிக்கும் என்று மூன்று வருஷமாகப் பயந்த இடம் இதுதான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. “நல்ல ஊரா இருக்கும் போலயே, எங்க வீட்டம்மாவ ஒருநாள் அங்க அனுப்பணும்” என்று சொல்லிவிட்டுக் கூடலிங்கம் மழையைப் பார்க்கப் போய்விட்டார். சீட்டில் மூன்று கட்டம். தேதி: ஜூலை 9 என்று எழுதினாள். இருப்பது: விசேஷம் - கேளாநாள். இருக்க வேண்டியது என்ற மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எழுதினால் இரண்டே வார்த்தை. எத்தனை ஆயிரம் தரம் கோடு போட்டிருக்கிறாள், கோடு போடுவது சுலபம், எழுத்தாக எழுதத்தான் கை வரவில்லை. இருக்க வேண்டியது. அந்த மூன்றாவது கட்டம் அவளைப் பார்த்து என்னென்னவோ கேட்டது. கடைசியில் எழுதினாள். விசேஷம் இல்லை.

பேச்சியம்மாள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். தேதியைப் படித்தாள். உதடு அசைய இன்னொரு தரம் படித்தாள். ஆட்டோவில் வந்தவளுக்கு அந்தத் தேதி தெரியாமல் இருக்குமா. “ஏத்தா, இது அன்னைக்கு...” என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். வீணாய்ப்போன தாள் ஒன்றில் ஒன்பதாம் தேதியை மட்டும் நகத்தால் மடித்துக் கிழித்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகினாள்.

“நான் ஒண்ணும் கேக்கல” என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டு நிஜமாகவே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் பேசாமல் இருந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. மழை வெறித்தது. உள்ளே ட்யூப்லைட் இரண்டு தரம் இமைத்து எரிந்தது, கரண்ட் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள், மற்றவர்கள் எழுந்து போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் எழவில்லை. செல்வக்கனி சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“பொம்பளப் புள்ளக்கா” என்றாள். “நர்ஸம்மா துணியில சுத்தி வச்சிருந்தாக. முடி நெறைய இருந்துச்சு.”

பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.